இரவுக் கோச்சியும் மஞ்சள் வெளிச்சமும்

எங்கள் நானா கட்டாருக்குப் போன அன்று நான் எடுத்த படங்களில் ஒன்றே ஒன்றுதான் தெளிவாக வந்தது. அதிலும் அவருடைய முகம் மஞ்சளாக விழுந்திருந்தது. அந்தப் படத்தைச் சரிசெய்யப் போய் நான் படித்துக்கொண்ட பாடத்தை இங்கே எழுதுகிறேன். பௌதிகவியல் பிடிக்காத தோழியர் பயந்து பக்கத்தைப் புரட்ட வேண்டாம். பெருக்கல் தெரிந்தால் போதும்.

புத்தளத்திலிருந்து கொழும்புக்குப் போகும் புகையிரதப் பாதை கட்டுநாயக்காவைத் தொட்டுக்கொண்டு போகிறது. விமான நிலையத்துக்கு வேன் பிடிக்கும் காசை மிச்சம் பிடிக்கலாம் என்று நானாவே சொன்னார். அதனால் விடிவதற்கு முன் புறப்படும் கோச்சியில் போவதென்று முடிவாயிற்று. உம்மா, வாப்பா, உம்மாவின் வாப்பா, நான், தம்பி எல்லோரும் இருட்டோடு இருட்டாக நிலையத்துக்குப் போனோம். மேடையில் பழைய சோடியம் விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. பெட்டிகளுக்குள்ளே வெள்ளை டியூப் லைட். தூரத்தில், கோச்சியின் முன்பக்கத்துக்கு அப்பால், சமிக்ஞை பச்சைக்கு மாறியிருந்தது. நானா ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார். அவருக்குப் பக்கத்தில் வாப்பா வெள்ளைத் தொப்பியோடு நின்றார். வாப்பாவின் போனால் ஆறேழு தடவை அமத்தினேன். என் கையும் நடுங்கியது, கோச்சியும் அசையத் தொடங்கியது. ஒன்றைத் தவிர மற்றவை எல்லாம் கலங்கிப் போயின.

வீட்டுக்கு வந்து பார்த்த உம்மா, "என்ட புள்ளக்கி செங்கமாரி புடிச்ச மாதிரி இரிக்கே" என்றார். அந்தச் சொல் எனக்குச் சுட்டது. மறுபடியும் எடுக்க முடியாத படம் அது. நானா வர இரண்டு வருடமாகும்.

முதலில் எனக்கு வந்த கேள்வி இதுதான். நிலையத்தில் நின்றபோது எங்களில் எவருக்கும் நானாவின் முகம் மஞ்சளாகத் தெரியவில்லை. வாப்பாவின் தொப்பி வெள்ளையாகத்தான் இருந்தது. அப்படியானால் போன் பொய் சொல்கிறதா?

உண்மையில் பொய் சொன்னது எங்கள் கண்தான். பொய் என்பது கடுமையான சொல், உபகாரம் என்று வைத்துக்கொள்வோம். கரண்ட் போன இரவில் குப்பி விளக்கு வெளிச்சத்தில் பாடம் படிக்கிறோம். அப்போது கொப்பியின் தாள் வெள்ளையாகவே தெரிகிறது. அந்த வெளிச்சத்தில் நீலம் மிகக் குறைவு, சிவப்பு மிக அதிகம். ஆனால் கண்ணும் மூளையும் சேர்ந்து, "இங்கே விளக்கே மஞ்சள், ஆகவே தாள் வெள்ளைதான்" என்று கழித்துக் கணக்குப் பார்த்துவிடுகின்றன. கெமரா தன்னிடம் வந்த ஒளியை அப்படியே அளக்கிறது. பிறகு அதுவும் ஒரு கணக்குப் போட்டுத்தான் படத்தைத் தருகிறது. பகலில் அந்தக் கணக்கு பெரும்பாலும் சரிவரும். சோடியம் விளக்கின் கீழே பிழைத்துவிடும். அந்தக் கணக்கைத்தான் நிறச் சமநிலை என்கிறார்கள். போனிலும் கெமராவிலும் 'வைட் பேலன்ஸ்' என்று இருப்பது அதுவே.

விளக்குகளின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள். இரும்பைக் காய்ச்சினால் முதலில் சிவந்து, பிறகு மஞ்சளாகி, இன்னும் சூடேறினால் வெளுக்கிறது. அந்த வரிசையை வைத்து, ஓர் ஒளி எந்தச் சூட்டிலுள்ள பொருளின் ஒளியைப் போலிருக்கிறது என்று சொல்வதுதான் நிறவெப்பநிலை. மெழுகுதிரி ஏறத்தாழ 1900 கெல்வின், பழைய இழை மின்குமிழ் 2700 அல்லது 2800, நடுப்பகல் வெயில் 5500, மப்பு வானம் 6500க்கு மேல். வீதிகளில் பொருத்தும் உயர் அமுக்கச் சோடியம் விளக்கு ஏறத்தாழ 2000. எண் கூடக் கூட ஒளி நீலமாகிறது. நாம் பேச்சில் நீலத்தைக் குளிர்ச்சி, மஞ்சளைச் சூடு என்கிறோம். பௌதிகவியலில் அது தலைகீழ்.

இன்னொரு தலைகீழும் உண்டு, நான் ஒரு வாரம் குழம்பிய இடம் அது. போனில் கெல்வின் அளவை 2500க்குக் குறைத்தால் படம் மஞ்சளாகும் என்று நினைத்தேன். நீலமாகியது. நாம் அங்கே படத்துக்கு நிறம் கொடுக்கவில்லை. "இங்கே எரியும் விளக்கு 2500 கெல்வின் விளக்கு" என்று போனுக்குச் சொல்கிறோம். அதைக் கேட்ட போன் அந்த மஞ்சளை ஈடுசெய்ய நீலத்தைக் கூட்டுகிறது. அறிவிப்பு ஒன்று, விளைவு அதற்கு எதிரானது.

இனிப் பெருக்கலுக்கு வருவோம். எண்முறைப் படத்தில் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்களால் ஆனது. சாதாரண படத்தில் ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை போகும். வெள்ளையோ சாம்பலோ ஆன பொருளுக்கு மூன்று எண்களும் சமமாக இருக்க வேண்டும். வாப்பாவின் தொப்பி வெள்ளை என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். படத்தில் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தேன். சிவப்பு 238, பச்சை 170, நீலம் 62.

பச்சையை அப்படியே விட்டுவிட்டு மற்ற இரண்டையும் 170க்குக் கொண்டுவர வேண்டும். சிவப்பை 0.71 ஆல் பெருக்க வேண்டும், நீலத்தை 2.7 ஆல் பெருக்க வேண்டும். தொப்பிக்கு மட்டுமல்ல, படம் முழுவதும் இதே பெருக்கல். ஸ்னாப்சீட் போன்ற இலவசச் செயலிகளில் வைட் பேலன்ஸ் பகுதியில் சிறிய சொட்டுக்குழாய் போல ஒரு குறி இருக்கும். வெள்ளைப் பொருளின் மேல் அதை வைத்தால் செயலி இப்படியொரு கணக்கைத்தான் போடுகிறது. (சேமித்த படத்தில் எண்கள் ஏற்கெனவே கொஞ்சம் வளைக்கப்பட்டிருப்பதால் என் பெருக்கல் அண்ணளவானது. கணித ஆசிரியை மன்னிக்க வேண்டும்.)

சொட்டுக்குழாயைத் தொப்பியில் வைத்தேன். தொப்பி வெளுத்தது. மேடையும் வெளுத்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று உம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். உம்மா நெடுநேரம் பார்த்துவிட்டு, "இப்ப சுகமில்லாத புள்ள மாதிரி" என்றார்.

அவர் சொன்னது சரிதான். முகத்தின் எண்கள் முன்பு 205, 140, 45. பெருக்கிய பின் 146, 140, 123. இது ஏறத்தாழச் சாம்பல். சிவப்பு ஓடாத முகம். தொப்பி சரியாக வந்தும் முகம் ஏன் செத்துப்போயிற்று என்ற கேள்விக்கு விடை எங்கள் இரசாயனவியல் ஆய்வுகூடத்தில் இருந்தது.

சுவாலைச் சோதனையை நினைத்துப் பாருங்கள். கம்பியில் உப்பைத் தொட்டுச் சுவாலையில் பிடித்தால் பளீரென்ற மஞ்சள் வரும். அது சோடியத்தின் நிறம், அலைநீளம் 589 நனோமீற்றர். பாலாவி உப்பளத்து உப்பு அடுப்பில் சிந்தினாலும் அதே மஞ்சள்தான். வீதி விளக்கின் உள்ளேயும் அந்தச் சோடியம்தான் எரிகிறது. தாழ் அமுக்கச் சோடியம் விளக்கு என்றால் அந்த ஒரு நிறத்தைத் தவிர அநேகமாக வேறு எதுவுமே இராது. அதன் கீழே சிவப்புச் சட்டையும் நீலச் சட்டையும் ஒரே மண் நிறம். அந்த ஒளியில் எடுத்த படத்தை எந்தச் செயலியாலும் சமப்படுத்த இயலாது. உயர் அமுக்க விளக்கில் அமுக்கம் கூடுவதால் அந்த ஒற்றைக்கோடு இரண்டு பக்கமும் விரிந்து, சிவப்பும் பச்சையும் கொஞ்சம் கிடைக்கின்றன. ஆனால் வெயிலைப் போல எல்லா அலைநீளமும் நிரம்பிய ஒளி அது அல்ல, இடையிடையே ஓட்டைகள் உள்ளன. மனிதத் தோலின் உயிர்ப்பு பல அலைநீளங்களின் சேர்க்கை. வெள்ளைத் தொப்பி வந்ததை எல்லாம் சமமாகத் திருப்பி அனுப்பும் பொருள் என்பதால் மூன்று எண்களால் அதை ஏமாற்றிவிடலாம். முகத்தை ஏமாற்ற முடியாது.

ஆகவே பாதிவழியில் நின்றேன். சிவப்புக்கு 0.85, நீலத்துக்கு 1.7. முகம் 174, 140, 77 ஆயிற்று. கொஞ்சம் மஞ்சள் மிச்சம், ஆனால் எங்கள் நானாவின் மாநிறம் திரும்பி வந்தது. இரவில் எடுத்த படம் இரவு மாதிரியே இருக்க வேண்டும் என்பதும் எனக்குப் பிறகுதான் புரிந்தது. மேடை முழுவதும் ஆஸ்பத்திரி வார்டு போல வெளுத்துக் கிடந்தால் அது நாங்கள் நின்ற மேடை அல்ல.

இந்தக் கட்டத்தில் அப்பா வந்தார். எங்கள் வீட்டில் உம்மாவின் வாப்பாவை அப்பா என்றுதான் கூப்பிடுவோம். அவர் புகையிரதத் திணைக்களத்தில் விளக்குக்காரராக வேலை செய்தவர். கை மரங்களின் உச்சியில் இருந்த மண்ணெண்ணெய் விளக்குகளை இறக்கித் துடைத்து, எண்ணெய் நிரப்பி, திரி வெட்டி, மறுபடியும் ஏற்றி வைப்பது அவருடைய தொழில். படத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். நானாவின் முகத்தை அவர் பார்க்கவில்லை.

"மகள், கோச்சிக்கு நீல லைட் எந்த ஊர்ல போடுறாங்க?"

அப்போதுதான் கவனித்தேன். தூரத்துச் சமிக்ஞை நீலமாகியிருந்தது. மூலப்படத்தில் அதன் எண்கள் 60, 200, 120, பச்சை. தொப்பிக்குச் செய்த முழுப் பெருக்கலை அதற்கும் செய்தால் 43, 200, 255. இது ஆகாய நீலம். பாதிப் பெருக்கலிலும் அது பச்சையாக நிற்கவில்லை. படத்தில் இருப்பது ஒரே ஒளி அல்ல என்பதை நான் மறந்துவிட்டேன். தொப்பியின் மேல் விழுந்தது சோடியம் ஒளி. சமிக்ஞை தானே எரியும் வேறொரு விளக்கு. சோடியத்துக்குக் கட்டிய ஈட்டை அதனிடம் வாங்கியது அநியாயம்.

பிழையை ஒப்புக்கொண்டேன். ஆனால் அப்பா சிரித்துக்கொண்டு சொன்ன அடுத்த விடயம்தான் இந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. "நீ செஞ்சதும் பொய் இல்ல. அந்தக் காலத்துப் பச்சைக் கண்ணாடிய கழட்டிப் பகல்ல பார்த்தா நீலமாத்தான் இரிக்கும்."

அப்படியே யோசித்துப் பாருங்கள். மண்ணெண்ணெய்ச் சுவாலை மஞ்சள். அதன் முன்னால் நல்ல பச்சைக் கண்ணாடியை வைத்தால் தூரத்தில் இருந்து பார்க்கும் சாரதிக்கு மஞ்சள் கலந்த பச்சையாகத் தெரியும், மங்கல் இரவில் அது வேறு நிறமாகவும் மயங்கலாம். அதனால் கண்ணாடியை நீலம் கலந்த பச்சையாகச் செய்தார்கள். மஞ்சள் சுவாலையும் நீலக் கண்ணாடியும் சேர்ந்து தூரத்தில் சுத்தமான பச்சையாயிற்று. விளக்கில் இல்லாததைக் கணக்கில் எடுத்து, முன்கூட்டியே ஈடுசெய்துவிட்டார்கள். கெமராவுக்கு இந்த வசதி வருவதற்கு வெகுகாலம் முன்பே புகையிரதக்காரர்கள் நிறச் சமநிலை பார்த்திருக்கிறார்கள். பிறகு பிலிம் காலத்திலும் இதே தந்திரம். பகல் வெளிச்சத்துக்கான பிலிமை 3200 கெல்வின் மின்குமிழ் வெளிச்சத்தில் பயன்படுத்த வேண்டுமானால் லென்ஸின் முன்னால் 80ஏ என்ற நீலக் கண்ணாடியை மாட்டுவார்கள்.

சமிக்ஞையில் நிறம் பிழைத்தால் என்னாகும் என்பதற்கும் வரலாறு உண்டு. ஆரம்பகால இங்கிலாந்துப் பாதைகளில் 'போகலாம்' என்பதற்கு வெள்ளை விளக்கு, 'எச்சரிக்கை'க்குத்தான் பச்சை. சிவப்புக் கண்ணாடி உடைந்து விழுந்தால் உள்ளிருக்கும் சுவாலை வெள்ளையாகத் தெரியும், சாரதி நில் என்பதைப் போ என்று வாசிப்பான். இந்த ஆபத்தினால்தான் வெள்ளையைக் கைவிட்டுப் பச்சைக்கு மாறினார்கள். 1875 நவம்பரில் சுவீடனில் லாகர்லுண்டா என்ற இடத்தில் இரண்டு புகையிரதங்கள் மோதி 9 பேர் இறந்தார்கள். ஊழியர் ஒருவருக்கு நிறக்குருடு இருந்திருக்கலாம் என்று சந்தேகித்த ஹோல்ம்கிரன் என்ற பேராசிரியர், நிறநிறமான கம்பளி நூல்களை இனம் பிரிக்கச் சொல்லிப் புகையிரத ஊழியர்களின் கண்ணைச் சோதிக்கும் முறையைக் கொண்டுவந்தார். தன் காலத்திலும் கண் பரிசோதனையில் தேறாதவனை விளக்கு மரத்துக்குக் கிட்டவே எடுக்க மாட்டார்கள் என்று அப்பா சொன்னார்.

அப்பாவின் முன்னால் நீலச் சமிக்ஞையோடு ஒரு கோச்சிப் படத்தை வைத்திருக்க எனக்குத் துணிவில்லை. திருத்தத்தை முழுப்படத்துக்கும் போடாமல், தூரிகையால் பூசுவது போல வேண்டிய இடத்துக்கு மட்டும் போடும் வசதி பல செயலிகளில் உண்டு. முகத்துக்கும் தொப்பிக்கும் மேடைக்கும் பாதித் திருத்தத்தைப் பூசினேன். சமிக்ஞையைத் தொடவில்லை. பெட்டியின் யன்னல்களையும் தொடவில்லை, ஏனென்றால் உள்ளே எரிந்த டியூப் லைட் ஏற்கெனவே வெள்ளை. சோடியம் திருத்தம் பட்டதும் அவை மீன்தொட்டி மாதிரி நீலமாகியிருந்தன. டியூப் லைட்டுக்கு வேறொரு குணம் உண்டு, அதன் உள்ளிருக்கும் இரசம் 546 நனோமீற்றரில் ஒரு பச்சைக் கோட்டை விடுகிறது. அதனால் பெட்டிக்குள் இருப்பவர்களின் முகம் சற்றுப் பச்சையடிக்கும். கெல்வினைக் கூட்டியும் குறைத்தும் அது போகாது. 'டின்ட்' என்று இன்னோர் அளவு இருக்கும், அதைக் கத்தரிப்பூ நிறப் பக்கமாகச் சிறிது தள்ள வேண்டும். எரிந்துகொண்டிருந்த சோடியம் விளக்கையும் விட்டுவிட்டேன். அது மூன்று நிறத்திலும் உச்சம் தொட்டு வெளுத்த புள்ளி. சிவப்பைக் குறைத்ததும் விளக்கே நீலமாகிப் பயமுறுத்தியது.

இனிமேல் எடுக்க நினைக்கும் தங்கைமாருக்காகச் சில வார்த்தைகள். நான் செய்த பெரிய பிழை, எல்லாவற்றையும் போனின் தன்னியக்கத்திடம் விட்டது. கோச்சி வரும்போது அதன் தலை விளக்கு மேடையைத் தடவிக்கொண்டு வரும். ஒவ்வொரு நொடியும் போன் தன் கணக்கை மாற்றிக்கொள்ளும். பத்துப் படம் எடுத்தால் பத்து நிறம். 'ப்ரோ' பகுதி இருந்தால் கெல்வினை ஓர் எண்ணில், 3000 என்று வைத்துக்கொள்ளுங்களேன், பூட்டிவிடுங்கள். பிழைத்தாலும் எல்லாப் படமும் ஒரே அளவில் பிழைக்கும், ஒரே பெருக்கலால் திருத்தலாம். அந்தப் பகுதியிலேயே 'ரோ' கோப்பாகச் சேமிக்கும் வசதி இருந்தால் அதையே தெரிவு செய்யுங்கள். சாதாரண படத்தில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். 12 பிட் ரோ கோப்பில் 4096. சோடியம் வெளிச்சத்தில் நீலம் அடிப்படிகளில்தான் கிடக்கும். அங்கே படிகள் எத்தனை இருக்கின்றன என்பதைப் பொறுத்தே அதை மேலே தூக்க முடியும்.

வெள்ளைப் பொருள் ஒன்றை விளக்கின் கீழே முதலில் ஒரு தடவை எடுத்து வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. எங்களிடம் தினமும் இருக்கும் வெள்ளைப் பொருள் பாடசாலைச் சீருடை. ஆனால் ஓர் எச்சரிக்கை. உம்மாமார் வெள்ளைக்கு நீலம் போட்டுத் துவைப்பார்கள். நீலம் போட்ட பர்தாவை வெள்ளை என்று கெமராவுக்குச் சொன்னால் படம் மஞ்சள் பக்கம் சாயும். நான் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு இப்போது கொப்பியின் கடைசித் தாளைப் பயன்படுத்துகிறேன். வெளிச்சம் மிகுதியாகி வெள்ளை 255ஐத் தொட்டுவிடாமல் சற்றுக் குறைவாக எடுப்பதும் முக்கியம், உச்சம் தொட்ட எண்ணில் கணக்குப் போட முடியாது.

ஓரிரவு வாப்பாவோடு பாலாவிக்குப் போய்ப் பழகிப் பார்த்தேன். நிலைய அதிபரிடம் கேட்டு, மேடையின் உட்பக்கத்தில், இருக்கையின் மேல் அரிசிப் பை வைத்து அதில் போனைச் சாய்த்தேன். தண்டவாளத்துக்குக் கிட்டப் போகவில்லை, சாரதியின் கண்ணில் படும்படி ஃப்ளாஷ் அடிக்கவுமில்லை. இரண்டும் படத்தைவிடப் பெரிய விடயங்கள். 1955 முதல் 1960 வரை அமெரிக்காவில் ஓ. வின்ஸ்டன் லிங்க் என்பவர் நோபோக் அன்ட் வெஸ்டர்ன் கம்பனியின் நீராவிப் புகையிரதங்களை இரவில் எடுத்துப் புகழ்பெற்றார். அவர் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில், ஏராளமான ஃப்ளாஷ் குமிழ்களைத் தானே வரிசையாகக் கட்டி, கம்பனியின் சம்மதத்தோடு எடுத்தவர். தன் வெளிச்சத்தைத் தானே கொண்டுபோனவருக்கு என் கஷ்டம் இல்லை. 1926 இல் புத்தளம் வரை வந்த எங்கள் பாதையில் கிடைக்கிற வெளிச்சத்தில்தான் நான் எடுக்க வேண்டியிருக்கிறது. சோடியம் விளக்குகளும் ஒவ்வொன்றாகக் கழன்று வெள்ளை எல்.ஈ.டி. வருகின்றது. அதில் நீலம் தாராளம். இந்தக் கட்டுரையின் பாதிக் கஷ்டம் எனக்குப் பிறகு படிக்கும் பிள்ளைகளுக்கு இராது என்று நினைக்கிறேன்.

கடைசியாகச் சட்டை.

நானா அன்று போட்டிருந்தது கடும் நீலச் சட்டை. உம்மா பெருநாளுக்கு எடுத்துக் கொடுத்தது. படத்தில் அது மண் நிறம். முகத்தைச் சரிசெய்த பிறகு உம்மா, "சட்டையையும் நீலமாக்கிடு மகள்" என்றார், ஏதோ பட்டன் தைத்துத் தா என்று கேட்பது போல. நானும் சரி என்றுவிட்டேன். எண்களைப் பார்த்தபோதுதான் மனம் விழுந்தது. நெஞ்சுப் பகுதியில் நீலத்தின் எண் 8, 5, 11. மடிப்புகளில் 0. எட்டை 2.7 ஆல் பெருக்கினால் 22 வருகிறது, கூடவே போனின் இரைச்சலும் அதே அளவு பெருகி நீலமும் மண்ணிறமுமாகத் திட்டுத் திட்டாக வந்தது. பூச்சியத்தை எதனால் பெருக்கினாலும் பூச்சியம். விளக்கு நீலத்தைக் கொண்டுவரவில்லை, சட்டை திருப்பி அனுப்பவில்லை, போன் எழுதிக்கொள்ளவில்லை. முகம் அப்படியல்ல. அங்கே ஒளி வந்திருந்தது, அளவுதான் பிழைத்திருந்தது, அளவைத் திருத்தினேன். சட்டைக்கு நான் நீலம் கொடுத்தால் அது திருத்தம் ஆகாது, பூச்சு.

இதை உம்மாவுக்கு எப்படிச் சொல்வது? சொன்னேன். அவருக்கு வித்தியாசம் விளங்கியது, ஆனால் பொருட்டாகப் படவில்லை. "சட்டை நீலம்தானே? நீ பொய்யா சொல்லப் போறாய்?" என்றார்.

அதற்கு என்னிடம் உடனே பதில் இருக்கவில்லை. சட்டை நீலம் என்பது உண்மை. படம் அதைப் பார்க்கவில்லை என்பதும் உண்மை. இரண்டு நாள் படத்தையே பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். திருத்தாத மூலப்படத்தில் நானாவின் இடது தோளில், பெட்டிக் கதவுக்கு உள்ளிருந்து டியூப் லைட் வெளிச்சம் விழுந்த இடத்தில், இரண்டு விரல் அகலத்துக்கு நீலம் இருந்தது. நல்ல நீலம். எந்தப் பெருக்கலும் இல்லாமல் தானாக வந்த நீலம்.

இரண்டு பிரதி எடுத்தேன். ஒன்றில் முகம் மட்டும் திருத்தியது, சட்டை மண் நிறமாகவே இருக்கிறது, தோளில் மட்டும் அந்த நீலத் துண்டு. அது என் பௌதிகவியல் கொப்பிக்குள் இருக்கிறது. மற்றதில் தோளிலிருந்து எடுத்த நீலத்தைச் சட்டை முழுவதும் பூசினேன். அதை உம்மா சட்டகம் போட்டு அலுமாரியின் மேல் வைத்திருக்கிறார். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் படம் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். அப்பா மட்டும் சமிக்ஞை பச்சையா என்று ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

சட்டகத்தில் போடுவதற்கு முன் அந்தப் பிரதியின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதினேன்: "புத்தளம் நிலையம். சட்டையின் நீலம் தங்கை பூசியது, தோளில் உள்ளதைத் தவிர."